காப்பு கட்டிய தொழிற்சாலை

"திட்டமிடல் பிரிவுக்குப் புதுசா ஆள் எடுத்திருக்கோம் சார். அவங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்க" என்று நித்யா போனில் கேட்டாள். எனக்குப் பிறகு இப்போது அவள்தான் அந்தப் பிரிவின் தலைவி. நான் ஓய்வு பெற்றுப் பெரம்பலூரில் இருக்கிறேன். மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் திட்டமிட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கும் என் மனைவியின் ஒப்புதல் வேண்டும்.

எதை எழுதுவது என்று யோசித்தேன். தேவையைக் கணிப்பது, இருப்பு வைப்பது, எந்த மெஷினில் எந்த வேலையை ஏற்றுவது என்பதையெல்லாம் நீங்கள் எனக்கே பாடம் எடுப்பீர்கள். ஆகவே அதைத் தொடப் போவதில்லை. உங்கள் திரையில் எந்தக் கட்டத்திலும் வராத ஒரு விஷயம் எங்களை ஆட்டிவைத்த ஒரு பங்குனி மாதத்தை மட்டும் சொல்கிறேன். படித்துவிட்டுச் சிரியுங்கள். சிரித்த பிறகு உங்கள் திட்டத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

நாங்கள் செய்வது சிமெண்ட் சாக்கு. அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் மலை மலையாகச் சிமெண்ட் அரைத்து வைத்தாலும், போட்டுக் கொடுக்கச் சாக்கு இல்லாவிட்டால் ஒரு லாரி வாசலைத் தாண்டாது. எங்கள் தொழிற்சாலை பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் ஓர் ஓடைக்கரையில் இருக்கிறது. பிளாஸ்டிக் குருணையை உருக்கி நாடாவாக இழுப்போம். நாடாவைத் தறியில் நெய்து, அச்சடித்து, தைத்தால் சாக்கு. இதில் நாடா மெஷின் மட்டும் கொஞ்சம் கோபக்காரன். நிறுத்தினால் உள்ளே உருகியது இறுகிப் போகும். சுரண்டி எடுத்து, திரும்பச் சூடேற்றி, நாடா ஒழுங்காக வரும்போது மத்தியானம் ஆகிவிடும். அதனால் அது ராப்பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வருஷம் ஒரு பெரிய சிமெண்ட் ஆலை எங்களைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தது. பங்குனி அவர்களுக்கு ஆண்டு முடியும் சமயம். விற்பனை இலக்கை எட்ட ஆலாய்ப் பறப்பார்கள். அந்த நாட்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் சாக்கு போய்ச் சேர்ந்தால் நீண்டகால ஒப்பந்தம் எங்களுக்கு. தவறினால் வெளிமாநிலக் கம்பெனிக்கு. எங்கள் முதலாளி சுற்றி வளைத்துப் பேச மாட்டார். "இது போச்சுன்னா இரண்டாவது ஷெட்டை மூடிடலாம். சும்மா விளக்கு எரிச்சுக்கிட்டு இருக்க முடியாது" என்று என்னிடம் சொல்லிவிட்டார். இரண்டாவது ஷெட் என்றால் தையல் பகுதி. அங்கே முழுக்கப் பெண்கள். சுற்று வட்டாரத்தில் வேறு வேலை என்றால் பருத்தி எடுக்கவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் போக வேண்டும், அதுவும் பருவத்தில் மட்டும். இந்த வேலையை நம்பித்தான் அவர்கள் பிள்ளைகளைப் படிக்கப் போட்டிருந்தார்கள். மூடும் பேச்சு அவர்கள் காதுக்கும் எப்படியோ போய்விட்டது. நான் ஷெட்டுக்குள் போனால் தையல் மெஷின் சத்தம் குறையும், எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

நித்யா அப்போது வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. நல்ல சூட்டிகையான பெண். தறி ஓட்டும் வடமாநிலப் பையன்கள் ஹோலிக்கு ஊருக்குப் போய்விடுவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்திருந்தாள். அவர்கள் இல்லாத நாட்களில் ராத்திரி ஷிப்டு முழுவதையும் ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர்களை வைத்து ஓட்டுவது என்று திட்டம். பஸ் வேண்டாம், வேன் வேண்டாம், நடந்தே வருவார்கள். திட்டத்தில் அந்த ஊருக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தாள். நானும் "சபாஷ்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பச்சை ஊரைச் சேர்ந்தவன்தான் செல்வராஜ். நாடா மெஷினின் ராத்திரி ஷிப்டுப் பொறுப்பாளன். அவன் மனைவி கவிதா இரண்டாவது ஷெட்டில் தைப்பவள். ஒரு நாள் காலையில் மஞ்சள் தடவிய நோட்டீசோடு பல்லெல்லாம் தெரிய என் அறைக்கு வந்தான்.

"சார், எங்கூர் மாரியம்மன் திருவிழா. பங்காளிச் சண்டையில ரொம்ப வருஷமா நின்னு போயிருந்துச்சு. இப்ப கும்பாபிஷேகம் முடிஞ்சு ஒண்ணு சேந்துட்டோம். குடும்பத்தோட வந்துடணும்."

"ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான்.

"அப்புறம் சார், காப்பு கட்டிட்டா நாங்க நைட் ஷிப்டு வர முடியாதுங்க."

நித்யா பக்கத்து மேசையிலிருந்து நிமிர்ந்தாள். "யாரு அண்ணே வர முடியாது?"

"ஊரே வர முடியாதுங்க மேடம். காப்பு கட்டிட்டா, அவுக்கற வரைக்கும் ஊர்க்காரங்க ராத்திரி வெளியில தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணா போலாம். வெளக்கு வைக்கறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துடணும்."

"தங்கப் போறதில்லையே அண்ணே, வேலைதானே பாக்கப் போறீங்க? ஓடையத் தாண்டினா உங்க ஊரு. கூப்பிடு தூரம்."

"கூப்பிடு தூரமா இருந்தாலும் எல்லை எல்லைதான மேடம்?"

"உங்க வீட்லயே கவிதா அக்கா வேலை இதுலதான் இருக்கு, தெரியும்ல?"

செல்வராஜின் முகம் சுருங்கிவிட்டது. "தெரியாமலா மேடம்? வூட்ல தெனம் இதே பேச்சுதான். அதுக்காக, இத்தனை வருஷம் கழிச்சு நடக்கற திருவிழாவுல நான் ஒருத்தன் எல்லை தாண்டி, நாளைக்கு யாருக்காவது காய்ச்சல் தலைவலின்னாகூட என்னையில்ல கை காட்டுவாங்க?"

நோட்டீசை மேசையில் வைத்துவிட்டுக் கோபத்தோடு போய்விட்டான். நித்யா திரையைத் திருப்பி என்னிடம் காட்டினாள். காப்பு கட்டும் நாளும் பையன்கள் ஹோலிக்குக் கிளம்பும் நாளும் அடுத்தடுத்து விழுந்திருந்தன.

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு முதலில் தோன்றுவது ஒரு பொய். எனக்கும் தோன்றியது. அப்போது வெளியூரில் இருந்த முதலாளிக்கும் சிமெண்ட் ஆலையின் ஸ்டோர்ஸ் அதிகாரிக்கும் "நாடா மெஷினில் பராமரிப்பு வேலை இருக்கிறது, கொஞ்சம் சிரமமாக இருக்கலாம்" என்று தகவல் கொடுத்தேன். மாரியம்மனுக்குக் காப்பு கட்டுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது? நம்மைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிட மாட்டார்களா? பராமரிப்பு என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள். டை கட்டிய சொல் அது.

ஸ்டோர்ஸ் அதிகாரி போனில் சீறினார். "ஆண்டு முடியற நேரத்துல பராமரிப்பா? ஒரு லோடு தவறினாலும் நான் மேல எழுதிடுவேன் சார். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அவர் குரல் பக்கத்து அறைக்கே கேட்டிருக்கும். இந்தக் கத்தலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நானும் நித்யாவும் வழி தேடினோம். பெரம்பலூரிலிருந்து ஆள் கொண்டுவரலாம், ஆனால் அந்தக் கோபக்கார மெஷினை யாரென்று தெரியாதவன் கையில் கொடுக்க முடியாது. தினமும் சாயங்காலம் நிறுத்திக் காலையில் கிளப்பினால் பாதி நாள் குப்பைதான் வரும். கடைசியில், "வாங்க சார், ஊருக்கே போய்க் கேப்போம்" என்றாள் நித்யா. திருவிழாவைத் தள்ளிப்போடச் சொல்லப் போகிறாளோ என்று பயந்துகொண்டே கூடப் போனேன்.

கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரிக்கு நாற்பது வயது இருக்கும். மற்ற நாட்களில் மினி பஸ் ஓட்டுபவர். திருவிழாவுக்காக லீவு போட்டிருந்தார். பேச்சிலும் டிரைவர்தான், வளைவு நெளிவெல்லாம் தெரிந்தவர். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, செல்வராஜ் தூணோரமாக நின்றிருந்தான். நான் நிலைமையைச் சொன்னேன். கடைசியில், "அந்த எல்லை எது வரைக்குங்க?" என்று கேட்டேன்.

"எல்லையா?" என்று சிரித்தார் பூசாரி. "அதை நீங்கதான சார் சுருக்கிவிட்டீங்க."

எனக்குப் புரியவில்லை.

"உங்க எடைமேடை இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு பனைமரம் நிக்குது பாருங்க. அதுதான் எங்க எல்லை. அந்தக் காலத்துல கரகம் எடுத்துக்கிட்டு அதைச் சுத்திதான் வருவோம். இப்ப நடுவுல நீங்க காம்பவுண்டு கட்டிட்டீங்க. அம்மனைத் தூக்கிக்கிட்டுச் செவுரு ஏறிக் குதிக்க முடியுமா? அதான் இந்த வருஷம் ஓடையோட திரும்பிடலாம்னு பேசி வெச்சிருக்கோம்."

நிலம் அந்த ஊருடையது. நாங்கள் வாங்கியது பட்டாவை மட்டும்தான். சுவர் கட்டியபோது திருவிழா நின்றுபோயிருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களை ஊருக்கு வெளியே தள்ளிவைத்தது எங்கள் சுவரேதான்.

நித்யா மெதுவாகக் கேட்டாள். "பின்பக்க கேட்டத் திறந்து விட்டா, பழைய வழியிலயே வருவீங்களா அண்ணே?"

பந்தல்காரர்கள்கூடக் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார்கள். பூசாரி பெரியவர்களைப் பார்த்தார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வந்தா நல்லதுதானப்பா. பழைய எல்லை பழையபடி ஆயிடும்" என்றார் ஒருவர். செல்வராஜின் பல் மறுபடி தெரிந்தது. தொழிற்சாலை எல்லைக்குள் வந்துவிட்டால் அவன் ராத்திரி வேலைக்கு வருவதில் தடையே இல்லையே.

எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அப்போதுதான் ஒரு பெரியவர், "தீச்சட்டி எத்தனை வருது இந்தத் தடவை?" என்று பக்கத்தில் கேட்டார்.

பின்பக்க கேட்டிலிருந்து பனைமரத்துக்குப் போகும் வழியில்தான் எங்கள் குருணைக் கிடங்கு. அடுத்தது இரண்டாவது ஷெட். அவ்வளவும் பிளாஸ்டிக். ஒரு பொறி போதும்.

"தீச்சட்டி மட்டும் உள்ள வேண்டாங்க. வேட்டும் வேண்டாம்" என்றேன்.

சட்டென்று எல்லா முகமும் மாறியது. "அம்மன் வர்ற எடத்துல தீச்சட்டி வரக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாருங்க?" என்று ஒருவர் எழுந்தே விட்டார். செல்வராஜ் தூணோரத்திலிருந்து, சரியென்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினான். தலையாட்டினால் சாக்கு நிற்காது, ஒப்பந்தம் கிடைக்கும், முதலாளி கை கொடுப்பார். எத்தனையோ ஊர்வலங்களில் எத்தனையோ தீச்சட்டி போகிறது, ஒன்றும் ஆவதில்லை. இப்படியெல்லாம் என் மனசே எனக்கு வக்காலத்து வாங்கியது. அவசரத்தில் நம் மனசு வாங்கும் வக்காலத்தைத்தான் நாம் முதலில் சந்தேகப்பட வேண்டும், பிள்ளைகளே.

"உள்ள உங்க வூட்டுப் பொண்ணுங்கதாங்க இருக்காங்க" என்றேன். "அந்தச் சாமான்ல தீ பட்டா கதவு வரைக்கும் ஓடி வர நேரம் கிடைக்காது. அவங்க வேலை போகக் கூடாதுன்னுதான் இங்க வந்து நிக்கறேன். அவங்களையே ஆபத்துல விட்டுட்டு அந்த வேலையை வெச்சு என்னங்க பண்றது? தீச்சட்டி வந்துதான் ஆகணும்னா கேட்டத் திறக்க மாட்டேன். ஷிப்டு நின்னா நிக்கட்டும்."

பூசாரிதான் வாயைத் திறந்தார்.

"நான் மினி பஸ் ஓட்டறவன். ஆயுத பூசையன்னிக்கும் டீசல் டேங்க் பக்கத்துல சூடம் ஏத்த மாட்டேன். அவர் சொல்றதுல தப்பில்ல. கரகமும் மேளமும் மட்டும் உள்ள வரட்டும். தீச்சட்டி எல்லாம் ஓடைக்கரையில நிக்கட்டும். அம்மனுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா சார், எல்லைக்குள்ள வந்துட்டா எல்லாருக்கும் ஒரே கட்டுப்பாடுதான். உங்க கேண்டீன்ல கவிச்சி கூடாது, தாளிக்கக் கூடாது. காப்பு கட்டறப்ப எல்லைக்குள்ள இருக்கறவங்க யாரும் அவுக்கற வரைக்கும் ராத்திரி வெளியில தங்கக் கூடாது."

"ஆகட்டுங்க" என்றேன். வந்த காரியம் முடிந்த சந்தோஷத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

காப்பு கட்டும் நாளில் கரகம் பின்பக்க கேட் வழியாக வந்தது. மேளச் சத்தத்தில் தறிச் சத்தமே கேட்கவில்லை. இரண்டாவது ஷெட்டுப் பெண்கள் வரிசையாக நின்று குலவையிட்டார்கள். கவிதா அழுதேவிட்டாள். எடைமேடைக்குப் பக்கத்துப் பனைமரத்தில் மஞ்சள் துணி கட்டி, வாசலில் வேப்பிலைத் தோரணம் கட்டி, லாரியை நிறுத்தும் தடுப்புக் கம்பிக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். எங்கள் செக்யூரிட்டி ராணுவத்தில் இருந்தவர். என்ன செய்வதென்று தெரியாமல் கரகத்துக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

பூசாரி மஞ்சள் கயிற்றோடு என் முன்னால் வந்து, "கையக் குடுங்க சார்" என்றார்.

"எனக்கு எதுக்குங்க? நான் பெரம்பலூர்க்காரன்."

"எல்லைக்குள்ளதான நிக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். பனைமரம் எனக்கு இரண்டடி வெளியே இருந்தது. நித்யா எங்கே என்று திரும்பிப் பார்த்தால், போட்டோ எடுக்கும் சாக்கில் முன்வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டுப்பாட்டை முழுதாகக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

அன்று முதல் எனக்கு மீட்டிங் ஹால்தான் படுக்கை, தாளிக்காத ரசம்தான் சாப்பாடு. போனில் என் மனைவி, "நீங்க அம்மனுக்கு நேர்ந்துக்கிட்டீங்களா, கம்பெனிக்கு நேர்ந்துக்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஆனால் மெஷின் ஓடியது. செல்வராஜும் அவன் ஆட்களும் ராத்திரி ஷிப்டில் ஒருவர்கூடக் குறையாமல் வந்தார்கள். நாடா பளபளவென்று வந்தது, தறி ஓடியது, தையல் ஓடியது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். அப்போதுதான் நித்யா வந்து, "சார், குடோனை வந்து பாருங்க" என்றாள்.

குடோனில் சாக்குக் கட்டுகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. எங்கள் லாரிகள் ராத்திரியில்தான் அரியலூருக்குப் போகும். பகலில் பள்ளிக்கூட நேரத்தில் டவுனுக்குள் லாரியை விட மாட்டார்கள். அதோடு சிமெண்ட் ஆலையும் ராத்திரியில்தான் சாக்கு இறக்கிக்கொள்ளும். எங்கள் லாரி டிரைவர்கள் யார்? அதே ஊர். ராத்திரி எல்லையை விட்டுப் போகக் கூடாதவர்கள்.

உள்ளே வர வேண்டியவர்களை நினைத்துத்தான் நான் எல்லையை நகர்த்தினேன். வெளியே போக வேண்டியவர்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டோம் என்று நாம் பெருமூச்சு விடும்போது, அது சத்தமில்லாமல் எழுந்து அடுத்த அறையில் போய் உட்கார்ந்திருக்கும். நெஞ்சு நிமிரும்போதெல்லாம் அடுத்த அறையை எட்டிப் பாருங்கள்.

காப்பு கட்டிய பிறகு வந்த வெளியூர்க்காரருக்குக் கட்டுப்பாடு இல்லை. நித்யா ஆண்டிமடத்திலிருந்து ஒரு வாடகை லாரியைப் பிடித்தாள். ஆனால் அந்த டிரைவர் பகலில்தான் வருவேன் என்றார். பகலில் இறக்கச் சிமெண்ட் ஆலை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்டோர்ஸ் அதிகாரிக்குப் போன் போட்டால், "ரூல்னா ரூல்தான் சார். பகல்ல எறக்க எடமும் கிடையாது ஆளும் கிடையாது. லோடு வரலைன்னா இன்னிக்கே மேல எழுதறேன்" என்று அதே கத்தல்.

நேரில் போவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. காலையிலேயே அந்த லாரியில் ஏறி உட்கார்ந்தேன். கையிலிருந்த காப்புக் கயிறு தெரியக் கூடாதென்று முழுக்கைச் சட்டை போட்டு மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டேன். பங்குனி வெயிலில், லாரியின் இஞ்சின் சூட்டில் அவிந்துபோனேன். அரியலூர் நெருங்கும்போது பள்ளிக்கூட நேரம் என்று ஓரங்கட்டினார்கள். கடைசி சைக்கிள் உள்ளே போன பிறகுதான் விட்டார்கள்.

ஆலையில் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். பகல் சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள். போனில் மட்டுமே கேட்ட குரலின் சொந்தக்காரரை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியான, சாதுவான மனிதர். அவரும் அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டுப் பொத்தானை மாட்டியிருந்தார்.

நான் பராமரிப்புப் பாட்டைப் பாடினேன். அவர் ரூல் பாட்டைப் பாடினார். நான் பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தேன். விளக்கு வைப்பதற்குள் பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்து ஓடைக்கரையில் இறங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அவரும் அடிக்கடி ஜன்னலைப் பார்த்தார். எனக்காவது ஊருக்குப் போகும் அவசரம். இவருக்கு என்ன?

"நான் கெளம்பணும் சார், கொஞ்சம் அவசரம்" என்று எழுந்து அலமாரி மேலிருந்து பையை எடுக்கக் கையைத் தூக்கினார். சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

என் பொத்தானைக் கழற்றிக் கையை மேசை மேல் வைத்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "உங்களுக்குமா சார்?"

"எங்க ஃபேக்டரிக்கே கட்டியிருக்கு சார்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. அவர் உடையார்பாளையம் பக்கம். லாரியில் சிமெண்ட் மூட்டை ஏற்றும் ராத்திரி ஆட்கள் முழுக்க அவர் ஊரும் பக்கத்து ஊரும். அங்கேயும் காப்பு. ராத்திரி ஒரு மூட்டை நகரவில்லை. சிமெண்ட் போகாததால் சாக்கு தீரவில்லை, சாக்கு தீராததால் ஆலைக் குடோனில் இடமில்லை.

"அப்ப ஏன் சார் லோடு லோடுன்னு போன்ல அப்படிக் கத்தினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மும்பையில இருக்கற எங்க மேலதிகாரிகிட்ட மாரியம்மன்னு சொன்னா சிரிப்பார் சார். சாக்கு வரலைன்னு சொன்னா நம்புவார். எப்படியும் நீங்க லேட் பண்ணுவீங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேன். நீங்க பாட்டுக்கு லாரியோட வந்து நிக்கறீங்க."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "சார், நீங்க மேல எழுதியிருந்தா எங்க தையல் ஷெட்டு பொம்பளைங்க அத்தனை பேர் அடுப்புலயும் தண்ணி ஊத்தியிருப்பீங்க. அவங்க பண்ண தப்பு என்ன சார்? மெஷினை நிறுத்தாம தைச்சதா?" என்று கத்தினேன். அந்த அறையில் அன்று என் குரல்தான் பெரிதாக இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கியது. சிரிப்பார்கள் என்று பயந்து பராமரிப்பு என்று சொன்னவன்தானே நானும்?

"போனைப் போடுங்க சார். உள்ளதைச் சொல்லுவோம். சிரிச்சா ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்" என்றேன்.

அவர் மும்பைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். காப்பு, எல்லை, ராத்திரி ஆட்கள் எல்லாவற்றையும் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சொன்னார். சாக்குக் கம்பெனிக்கும் அதே நிலைமை, ஆனாலும் அவர்கள் ஒரு நாள்கூட உற்பத்தியை நிறுத்தவில்லை, சாக்குக்குத் தட்டுப்பாடே இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதைச் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. நாங்கள் இருவரும் சிரிப்புக்காகக் காத்திருந்தோம்.

"எத்தனை நாள்?" என்று கேட்டார் அந்த மனிதர்.

அவ்வளவுதான். சிரிக்கவில்லை, ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அதிகாரி நாளைச் சொன்னார். அதுவரைக்கும் பகல் ஷிப்டில் ஆளைக் கூட்டு, சாக்கையும் பகலிலேயே இறக்கு, மீதியைக் காப்பு அவிழ்த்த பிறகு ஈடுகட்டு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அடுத்து நான் எங்கள் முதலாளிக்குப் போன் செய்து பராமரிப்புப் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்: "எத்தனை நாளுய்யா?"

எத்தனை நாள் என்று சொல்லிவிட்டால் அதை வைத்து யாராவது ஒரு திட்டம் போட்டுவிடுவார்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் நானும் அவரும் ஒரு ஷெட்டையே காவு கொடுக்க இருந்தோம். ஒப்பந்தம் எங்களுக்கே வந்தது. இரண்டாவது ஷெட் இன்றும் ஓடுகிறது, கவிதா அங்கே இப்போது சூப்பர்வைசர். உங்களில் யாராவது அவளிடம் அடையாள அட்டை இல்லாமல் மாட்டினால் நான் வந்து காப்பாற்ற முடியாது. ஆண்டுத் திட்டம் போடும் கூட்டத்தில் இரண்டு கம்பெனிக்காரர்களும் முதலில் ஊர்த் திருவிழாத் தேதிகளைத்தான் கேட்டு எழுதிக்கொள்கிறார்களாம். நித்யா சொன்னாள்.

அன்றைக்கு அந்த அறையில், போனை வைத்த பிறகு, அதிகாரி இரண்டு டீ வரவழைத்தார். எங்கள் லாரியில் சாக்கு இறக்கும் சத்தம் வெளியே கேட்டது. இருவரும் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டோம். காற்று பட்டதும் அப்படி ஒரு சுகம். சொந்த ஊர்க் கதை பேச ஆரம்பித்தவர் திடீரென்று ஜன்னலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெயில் நன்றாகச் சாய்ந்துவிட்டிருந்தது. மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல், ஆளுக்கொரு பஸ்ஸைப் பிடிக்க இருவரும் ஓடினோம்.